ஆப்பிரிக்கக் கோப்பையைத் தொடங்கிய நாலு நாட்டில் நாமும் ஒன்று; அப்புறம் ஏன் 1996 வரை ஆடவில்லை?

சில்வர்கிளென் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் எட்டாம் வகுப்பு. செப்டம்பர் 24 பாரம்பரிய நாளுக்குப் பள்ளியில் ஆளுக்கொரு தலைப்பு எடுக்கச் சொன்னார்கள். இவன் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை எடுத்துக்கொண்டான். படிக்கப் படிக்க எனக்கே ஒன்று புரியவில்லை. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பை (காஃப்) 1957-இல் எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா என்று நாலு நாடுகள் சேர்ந்து தொடங்கியதாகப் போட்டிருக்கிறது. முதல் போட்டியின் அட்டவணையிலும் நம் தென்னாப்பிரிக்காவின் பெயர் இருக்கிறது. ஆனால் நாம் இறங்கி ஆடிய முதல் போட்டி 1996.

"நிறவெறின்னு ஒரு வரி எழுதினா போதும்மா" என்கிறான் பையன். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவனுடைய தாத்தா டர்பன் கரீஸ் பவுண்டன் மைதானத்தில் சாக்கர் பார்த்தே வளர்ந்தவர். அவர் இருந்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருப்பார். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். புண்ணியமாகப் போகும்.

பீனிக்ஸ் தம்பி எழுதியது:

அக்கா, 1996-ஐ நல்லா பெரிசா எழுதச் சொல்லுங்க. முதல் தடவை ஆடினோம், முதல் தடவையே ஜெயிச்சோம். பிப்ரவரி 3, துனிசியாவோட ஃபைனல், 2-0. மார்க் வில்லியம்ஸ் மாற்று ஆட்டக்காரரா உள்ளே வந்து 73-ஆவது நிமிஷம் ஒண்ணு, 75-ஆவது நிமிஷம் ஒண்ணு. பழைய கதையெல்லாம் ஒரு பத்தி போதும்.

மெரிபேங்க் டீச்சர் எழுதியது:

தம்பி சொல்கிற அந்த ஒரு பத்திக்குள் முழுக் கதையும் அடங்காது. நான் வரலாறு நடத்துகிறவள். இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன்.

1957 பிப்ரவரியில் கார்ட்டூமில் கூட்டமைப்பு தொடங்கியது. அதே மாதம் அதே ஊரிலேயே முதல் போட்டியும் நடந்தது. நாலே நாடுகள் என்பதால் நேரே அரையிறுதி. ஒரு பக்கம் எகிப்தும் சூடானும், மறுபக்கம் எத்தியோப்பியாவும் தென்னாப்பிரிக்காவும். நம் தரப்பில் பேசியது வெள்ளையர் சங்கம் மட்டும்தான். முந்தைய வருடம் காஃபைத் தொடங்குவது பற்றி லிஸ்பனில் நடந்த பேச்சுக்கு ஃபிரெட் ஃபெல் போனதும் அந்தச் சங்கத்தின் பெயரில்தான். அவர்கள் காஃபிடம் சொன்னது இது: வெள்ளையர் மட்டும் கொண்ட அணியை அனுப்புகிறோம், இல்லையென்றால் கறுப்பர் மட்டும் கொண்ட அணியை அனுப்புகிறோம், இரண்டையும் கலக்க மாட்டோம். மற்ற மூன்று நாடுகளும் அதை ஏற்கவில்லை. நீக்கினார்கள் என்றும் எழுதுகிறார்கள், விலகினார்கள் என்றும் எழுதுகிறார்கள். எப்படியானாலும் தென்னாப்பிரிக்கா ஆடவில்லை. எத்தியோப்பியா ஆடாமலே இறுதிக்குப் போனது.

மொத்தம் இரண்டே ஆட்டங்கள். எகிப்து சூடானை 2-1 என்று வென்றது. பிப்ரவரி 16 இறுதியில் எத்தியோப்பியாவை 4-0. அந்த நாலு கோலையும் அடித்தவர் ஒரே ஆள், அத்-திபா என்று அழைக்கப்பட்ட முகமது தியாப் அல்-அத்தார். 1968-இல் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு அவரே நடுவராக விசில் ஊதினார். இதைப் பையன் கட்டாயம் எழுதட்டும், வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. காஃப் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கைவசம் நாலு உறுப்பு நாடுகள். அதில் ஒன்றை வெளியே வைத்தால் போட்டியே பாதியாகிவிடும் என்று தெரிந்தும் வெளியே வைத்தார்கள். அப்போது ஐக்கிய நாடுகள் சபைகூட நம் அரசைக் கண்டித்துத் தீர்மானம் போடுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தது. ஃபிஃபாவுக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

மிட்ராண்ட் மதுரைக்காரன் எழுதியது:

நான் இங்கே வேலைக்கு வந்தவன், இந்தக் கதை எனக்குப் புதிது. டீச்சர், ஒரு சந்தேகம். கறுப்பர் அணியை அனுப்புகிறோம் என்று அவர்களே சொன்னார்கள் அல்லவா? அதை ஏற்றிருந்தால் குறைந்தது கறுப்பின ஆட்டக்காரர்களாவது சர்வதேச ஆட்டம் ஆடியிருப்பார்களே? இன்னொன்று, அந்தக் கணக்கில் நம்மவர்கள், இந்திய வம்சாவளியினர், எங்கே வருகிறார்கள்?

பழைய கோல்கீப்பர் எழுதியது:

மதுரைத் தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் நாம் எங்குமே இல்லை. கலர்ட் எனப்பட்ட கலப்பின மக்களும் இல்லை. அது போகட்டும். ஒரு வருடம் வெள்ளை அணி, இன்னொரு வருடம் கறுப்பு அணி என்பதை ஒருமுறை ஒப்புக்கொண்டால், ஒரே மைதானத்தில் நாம் சேர்ந்து நிற்கக்கூடாது என்ற சட்டத்துக்கு ஆப்பிரிக்காவே முத்திரை குத்தினதாக ஆகியிருக்கும். அவர்கள் கேட்டதும் அந்த முத்திரையைத்தான்.

இது வெறும் யூகம் இல்லை. 1961-இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. 1963 தொடக்கத்தில் ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரவுஸ் இங்கே நேரில் வந்தார், பார்த்தார், தடையை எடுத்துவிட்டார். உடனே வெள்ளையர் சங்கம் என்ன திட்டம் போட்டது தெரியுமா? 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளை அணி, 1970 உலகக் கோப்பைக்குக் கறுப்பு அணி. ஆறு வருடம் கழிந்தும் 1957-இல் சொன்ன அதே பேச்சு. மறுபடியும் 1964-இல் டோக்கியோ மாநாட்டில்தான் தடை வந்தது. அதற்குள் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் வாக்கு கூடியிருந்தது.

நம்மவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். டர்பனில் அப்போது எல்லாம் தனித்தனி. இந்தியர் சங்கம் ஒன்று, ஆப்பிரிக்கர் சங்கம் ஒன்று, கலர்ட் சங்கம் ஒன்று. 1903-லிருந்தே சாம் சைனா கோப்பை என்று இந்தியர்களுக்குள் மாவட்டவாரியாகப் பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தது. எங்கள் பாட்டனார் தலைமுறைக்கு அதுதான் உலகக் கோப்பை. 1950-களின் தொடக்கத்தில் இந்த மூன்று சங்கங்களும் சேர்ந்து சவுத் ஆப்பிரிக்கன் சாக்கர் ஃபெடரேஷன் என்று ஒரே குடையின் கீழ் வந்தன. அதன் செயலாளராக இருந்தவர் டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங். நாட்டில் ஆடுகிறவர்களில் பெரும்பான்மை எங்கள் பக்கம், நீங்கள் அங்கீகரித்திருப்பது சிறுபான்மையை என்று ஃபிஃபாவிடம் விடாமல் முறையிட்டது இந்த ஃபெடரேஷன்தான். டர்பனிலிருந்து போன அந்தக் கடிதங்கள் இல்லாமல் ஃபிஃபாவில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

1961-இல் இனம் பார்க்காத தொழில்முறை லீக் ஒன்று தொடங்கினார்கள். நம் ஊரிலிருந்து அவலான் அத்லெடிக், ஏசஸ் யுனைடெட். கரீஸ் பவுண்டனில் சனி ஞாயிறு என்றால் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு காலத்தில் டர்பனுக்கே குடிதண்ணீர் கொடுத்த ஊற்று இருந்த இடம் அது. ஒரு பக்கம் தாவரவியல் பூங்காவின் மரங்கள், இன்னொரு பக்கம் சுல்தான் டெக்னிக்கல் கல்லூரி. மேட்டில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கோல் வாயில் புல் கிடையாது, வெறும் செம்மண். நான் பிறகு 70-களில் அதே கோலில் நின்றவன். பந்துக்குப் பாய்ந்தால் முழங்கையும் இடுப்பும் உரிந்துவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது சட்டை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் வெந்நீர் ஊற்றித்தான் கழற்ற வேண்டும். ஆயா மஞ்சள் பற்றுப் போட்டுவிடுவார்.

அந்த லீக் 1960-களின் நடுவிலேயே மூச்சு முட்டிப் போனது. கூட்டம் குறையவில்லை. நகராட்சிகள் ஊருக்கு ஊர் மைதானம் தர மறுத்தன. இனம் கலந்து ஆடினால், இனவாரியாக இடத்தைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டினார்கள். கரீஸ் பவுண்டன் இந்தியர் விளையாட்டு மைதானச் சங்கத்தின் பொறுப்பில் இருந்ததால் இங்கே மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தோம்.

லெனேசியா அண்ணன் எழுதியது:

பெரியவரின் பேச்சுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் மதுரைக்காரர் கேட்ட கேள்வி என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

முப்பது வருடத்துக்கும் மேல். ஒரு ஆட்டக்காரனுக்குக் கால் ஓடுகிற காலம் பத்து, பன்னிரண்டு வருடம். அப்படிப் பார்த்தால் மூன்று தலைமுறை ஆட்டக்காரர்கள் நாட்டுச் சட்டையைப் போடாமலே போய்விட்டார்கள். ஸ்டீவ் மொகோனேயை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் புஷ் பக்ஸில் ஆடியவர், 50-களிலேயே இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கும் பிறகு ஹாலந்தில் ஹெராகிளிஸுக்கும் போய் ஆடினார். ஜெர்மிஸ்டனிலிருந்து போன ஆல்பர்ட் யோஹானசன் லீட்ஸ் அணிக்காக 1965 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆடினார்; அந்த இறுதியில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். இவர்கள் இருவரும் முறையான தென்னாப்பிரிக்க அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. யோஹானசன் 1995 செப்டம்பரில் லீட்ஸில் தனியாக இறந்தார். இன்னும் நாலு மாதம் இருந்திருந்தால் எஃப்.என்.பி. ஸ்டேடியத்தில் நம் பையன்கள் கேமரூனை 3-0 என்று அடித்ததைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பார்.

தடை சரிதான். நான் அதை எதிர்க்கவில்லை. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

பழைய கோல்கீப்பர் எழுதியது:

லெனேசியா தம்பி, விலை கொடுத்தவர்களில் நானும் ஒருவன், என்னோடு ஆடினவர்களும். எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 70-களில் அரசாங்கம் "பல்தேசிய விளையாட்டு" என்று பெயர் சூட்டி, வெள்ளை அணி, கறுப்பு அணி, இந்திய அணி, கலர்ட் அணி என்று பிரித்து மோதவிட்டது. அதில் ஆடினால் நல்ல மைதானம், விளக்கு வெளிச்சம், கையில் காசு. எங்கள் அணியில் அழைப்பு வந்தவர்கள் இருந்தார்கள். போக மாட்டேன் என்றார்கள். போனவர்களும் உண்டு, வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, அவர்களை நான் குறை சொன்னதில்லை.

பையன் எழுதும்போது "தென்னாப்பிரிக்கா தடைசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால், வெளியே இருந்த யாரோ நம்மைத் தண்டித்த மாதிரி ஆகிவிடும். உள்ளே இருந்த நாங்களே அந்தத் தடையைக் கேட்டு வாங்கினோம். அதையும் எழுதட்டும்.

சில்வர்கிளென் அம்மா எழுதியது:

ஐயா, இதை வாசித்துவிட்டு அவனிடம் கொடுத்தேன். "கேட்டு வாங்கினோம்" என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தான். அவன் கேட்பது: ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் கடைசி வரை உறுதியாக இருந்தனவா?

மெரிபேங்க் டீச்சர் எழுதியது:

பெரும்பாலும் ஆம். இதில் எத்தியோப்பியாவின் யிட்னெகாச்சு தெசெமா பெயரைப் பையன் அடிக்கோடிட்டு எழுத வேண்டும். ஆட்டக்காரராக, பயிற்சியாளராக இருந்து, 1972 முதல் 1987-இல் இறக்கும் வரை காஃப் தலைவராக இருந்தவர். 1962-இல் எத்தியோப்பியா கோப்பையை வென்றபோது பயிற்சியாளரும் அவரே. தென்னாப்பிரிக்க விவகாரத்தை ஃபிஃபா மேசையிலிருந்து நழுவ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

1966 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை ஆப்பிரிக்கா மொத்தமாகப் புறக்கணித்தது. ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் கொடுக்காமல், ஆசியா, ஓசியானியாவில் வெல்லும் அணியோடு மோதி வா என்றார்கள். அது ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவை மறுபடி உள்ளே விட்டது இன்னொரு காரணம். 1974-இல் ரவுஸைத் தோற்கடித்து அவெலாஞ்ச் ஃபிஃபா தலைவரானதில் ஆப்பிரிக்க வாக்குகளுக்குப் பெரிய பங்கு. 1976-இல், சொவெட்டோ மாணவர்கள் சுடப்பட்ட அதே வருடம், ஃபிஃபா நம்மை முழுவதுமாக நீக்கியது.

பிறகு புதிய தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கமான சாஃபா 1991-இல் பிறந்தது, 1992-இல் ஃபிஃபாவில் மீண்டும் சேர்ந்தோம். திரும்பி வந்த முதல் ஆட்டம் நம் டர்பனில், கிங்ஸ் பார்க்கில், 1992 ஜூலை 7. கேமரூனோடு 1-0, டாக்டர் குமாலோவின் பெனால்டி. 1994 கோப்பைக்கு முயன்றோம், தகுதி பெறவில்லை. ஹராரேயில் ஜிம்பாப்வே 4-1 என்று அடித்தது. அதனால்தான் 1996 முதல் போட்டியானது.

மிட்ராண்ட் மதுரைக்காரன் எழுதியது:

அப்படியானால் 1992-இல் நாலு கோல் வாங்கிய அணி 1996-இல் கோப்பை வாங்கியிருக்கிறது! ஆனால் என்னோடு வேலை பார்க்கும் நைஜீரிய நண்பர் ஒருவர் எப்போதும் ஒன்று சொல்வார்: "நாங்கள் வரவில்லை, அதனால் நீங்கள் ஜெயித்தீர்கள்." அதில் உண்மை உண்டா?

பீனிக்ஸ் தம்பி எழுதியது:

இதைக் கேட்டா எனக்குக் கோபம் வரும் அண்ணே. ஆடாத டீம் எப்படி ஜெயிச்சிருக்கும்? கேமரூன் 3-0. அங்கோலா 1-0. எகிப்துகிட்ட மட்டும் 0-1. காலிறுதியில அல்ஜீரியா கடைசி நேரத்துல சமன் பண்ணிட்டான், உடனே ஷூஸ் மொஷோயு அடிச்சு 2-1. அரையிறுதியில கானா 3-0, மொஷோயு ரெண்டு, பார்ட்லெட் ஒண்ணு. அதெல்லாம் சும்மா கிடைச்சதா?

லெனேசியா அண்ணன் எழுதியது:

நைஜீரிய நண்பர் சொல்வதைத் தட்டிவிடவும் கூடாது. அவர்கள் 1994 சாம்பியன். 1996 ஆகஸ்டில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினவர்கள். 1992-இல் லாகோஸில் நம்மை 4-0 என்று அடித்தவர்களும் அவர்களே. வந்திருந்தால் கடுமையாகத்தான் இருந்திருக்கும்.

வராததற்குக் காரணம் ஆட்டக்காரர்கள் இல்லை. 1995 நவம்பர் 10 அன்று நைஜீரியாவின் சர்வாதிகாரி அபாச்சாவின் அரசு எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் மற்ற எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. மண்டேலா உலக மேடையில் கடுமையாகக் கண்டித்தார். அதற்குப் பதிலடியாக அபாச்சா அணியை அனுப்பவில்லை. பதினாறு அணிகள் ஆட வேண்டிய முதல் போட்டி பதினைந்தோடு நடந்தது. காஃப் அடுத்த போட்டிக்கும் சேர்த்து நைஜீரியாவைத் தடைசெய்தது.

எனக்கு வலிப்பது இது: 1957-இல் ஒரு அரசாங்கத்தின் பிடிவாதத்தால் நம் ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். 1996-இல் நம் ஊரில் நடந்த விழாவுக்கு இன்னொரு அரசாங்கத்தின் பிடிவாதத்தால் அவர்கள் ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

மெரிபேங்க் டீச்சர் எழுதியது:

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 1957-இல் சேர்ந்து ஆட மறுத்தது ஒரு அரசின் சட்டம். அதற்கு எதிராக மற்ற நாடுகள் எழுந்தன. 1996-இல் ஒரு சர்வாதிகாரி கோபத்தில் தன் சொந்த ஆட்டக்காரர்களின் வாய்ப்பைப் பறித்தார். ஆட்டக்காரன் பக்கமிருந்து பார்த்தால் இழப்பு ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

லெனேசியா அண்ணன் எழுதியது:

சரி டீச்சர். இறுதி ஆட்டத்துக்கு நான் நேரில் போனேன், அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

தைப்பூசத்தை ஒட்டி வந்த சனிக்கிழமை. வீட்டில் எல்லோரும் காவடி விரதம். அம்மா தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொடுத்து, "அங்கே போய்க் கண்டதைத் தின்னாதே" என்றுதான் அனுப்பினார். லெனேசியாவிலிருந்து ஸ்டேடியத்துக்கு அரைமணி நேரப் பாதைதான், ஆனால் சொவெட்டோ பக்கத்து டாக்ஸிகள் சாலையை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தபடி ஊர்ந்தன. எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான சொவெட்டோக்காரர் பாதி நேரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் ஒரு பழைய ரேடியோ. கண்முன்னால் ஆட்டம் நடக்க, காதில் வர்ணனையும் கேட்டுக்கொண்டிருந்தார். வில்லியம்ஸ் முதல் கோலைத் தலையால் முட்டியதும் ரேடியோ உருண்டு கீழே போய்விட்டது. இரண்டாவது கோல் விழும்போதும் நாங்கள் அதைக் குனிந்து தேடிக்கொண்டுதான் இருந்தோம். தலை நிமிர்வதற்குள் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது, அந்தக் கோலை நான் வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

பயிற்சியாளர் கிளைவ் பார்க்கர் இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் டர்பன்காரர். மண்டேலா கேப்டன் நீல் டோவியின் 9-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கோப்பையைக் கொடுத்தார். முந்தைய வருடம் ரக்பி உலகக் கோப்பை இறுதிக்கு அவர் 6-ஆம் எண் சட்டை போட்டு வந்ததைத்தான் உலகம் பேசுகிறது. எங்களுக்கு இந்த 9-தான் பெரிது. எங்கள் தெருவில் ஆடின ஆட்டம் சாக்கர்.

பழைய கோல்கீப்பர் எழுதியது:

பார்க்கர் 1985-இல் புஷ் பக்ஸுக்கு லீக் வாங்கிக்கொடுத்தபோதே டர்பனுக்கு அவரைத் தெரியும். 2023 ஜூனில் போய்விட்டார். மொஷோயு 2015-இல், ஃபில் மசிங்கா 2019 ஜனவரியில். அந்த அணியில் பாதிப் பேரைப் பற்றி இனிமேல் யாரிடம் கேட்பது?

மெரிபேங்க் டீச்சர் எழுதியது:

மசிங்கா போன அதே மாதம், ஜொஹானஸ்பர்கில் இன்னொருவரும் போனார். அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் இண்டாயே முலாம்பா. 1974 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஒன்பது கோல். ஒரே போட்டியில் அத்தனை கோலை இன்றுவரை வேறு யாரும் அடித்ததில்லை. அந்த வருடம் சாம்பியாவோடு இறுதி ஆட்டம் 2-2 என்று முடிந்து, மறுபடி ஆடி 2-0. ஜயீரின் நாலு கோலும் இவருடையவை. 90-களில் நாட்டை விட்டுத் தப்பி வந்து கேப் டவுனில் யாருக்கும் தெரியாத அகதியாக வாழ்ந்தார். 1998 போட்டியின்போது அவர் இறந்துவிட்டதாக நினைத்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள்; அப்போது அவர் நம் நாட்டில் உயிரோடு இருந்தார்.

தலைப்பை விட்டு விலகுவதாக நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்கக் கோப்பையின் மிகப் பெரிய கோலடிகாரர்களில் ஒருவர் நம் தெருக்களில் நடந்திருக்கிறார், நாம் கண்டுகொள்ளவில்லை. இது நம் பாரம்பரியத்தில் சேராதா?

பீனிக்ஸ் தம்பி எழுதியது:

டீச்சர், சத்தியமா இது எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. பெரியவர் சொன்ன கரீஸ் பவுண்டன் ஆட்கள் அவ்வளவு பேர் போராடினாங்க. ஆனா 1996 டீம்ல நம்மவர் ஒருத்தர்கூட இல்லையே? ஏன்?

பழைய கோல்கீப்பர் எழுதியது:

தம்பி, இதற்கு ஒரே பதில் இல்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். மேகசின் பாரக்ஸில் நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த நம் ஜனங்களுக்கு வீடு தகர அறையானாலும் வாசலில் மைதானம் இருந்தது. 60-களில் அங்கிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீடு கட்டினார்கள், மைதானம் கட்டவில்லை. ஒரு தெருவே ஒரு கிளப்பாக இருந்தது. அந்தத் தெருக்களையே கலைத்துவிட்டார்கள். அடுத்த தலைமுறையில் பெற்றோர் பிள்ளைகளைப் படிப்பு பக்கம் திருப்பினார்கள், அதிலும் தப்பில்லை.

இருந்தும், 1996-97-இல் புதிய பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சாம்பியன் யார்? கைசர் சீஃப்ஸும் இல்லை, ஆர்லாண்டோ பைரேட்ஸும் இல்லை. 1928-இல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ். சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் ஆடிய அணி, எல்லா இனத்து ஆட்டக்காரர்களோடும். 2000-களில் கீழிறங்கிக் கைமாறிப் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். ஆனால் தேசிய அணியில் நம் பெயர் இருந்ததா என்று மட்டும் எண்ணிப் பார்ப்பதை நான் விரும்பவில்லை தம்பி. பெயரையும் இனத்தையும் எண்ணக்கூடாது என்றுதானே அன்றைக்கு நின்றோம்?

பீனிக்ஸ் தம்பி எழுதியது:

புரியுது தாத்தா. ஆனா எண்ணாம இருந்தா, இல்லாதது யாருக்கும் தெரியாமலே போயிடுமே. என் தங்கச்சி பையன் நல்லா ஆடறான், அவனுக்குக் கைகாட்ட ஒரு பெயர் வேணும்.

பழைய கோல்கீப்பர் எழுதியது:

அதுவும் நியாயம்தான். சனிக்கிழமை காலையில் அவனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வா, பார்க்கிறேன்.

மிட்ராண்ட் மதுரைக்காரன் எழுதியது:

ஒரு கேள்வி விட்டுப்போனது. நான் வந்த நாள் முதல் எல்லோரும் 2010 உலகக் கோப்பையைத்தான் பேசுகிறார்கள். மோசஸ் மபிதா ஸ்டேடியம், ஷபலாலா மெக்சிகோவுக்கு எதிராக அடித்த கோல், வுவுசேலா. பையன் அதை எழுத வேண்டாமா?

லெனேசியா அண்ணன் எழுதியது:

ஒரு வரி போதும். 2010 உலகம் நம் வீட்டுக்கு வந்த விருந்து. நாம் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். 1996 நாம் சமைத்துச் சாப்பிட்டது.

மெரிபேங்க் டீச்சர் எழுதியது:

2013-ஐயும் ஒரு வரி சேர்க்கலாம். லிபியாவில் நடக்க வேண்டிய ஆப்பிரிக்கக் கோப்பை, அங்கே போர் என்பதால் இங்கே வந்தது. டர்பன் மோசஸ் மபிதாவில் காலிறுதி, மாலியோடு 1-1, பெனால்டியில் தோற்றோம். நான் அங்கே இருந்தேன். வெளியே வந்து சோம்ட்சியூ ரோடு பக்கம் நடக்கும்போதுதான் என் அப்பா சொன்னார், அவர் பிறந்த மேகசின் பாரக்ஸ் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று.

1998-இல் புர்கினா ஃபாசோவில் இறுதிவரை போய் எகிப்திடம் 0-2. பென்னி மெக்கார்த்தி ஏழு கோல். 2000-இல் மூன்றாம் இடம். 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்டில் மறுபடி மூன்றாம் இடம். கேப் வெர்டே காலிறுதியில் ரொன்வென் வில்லியம்ஸ் நாலு பெனால்டி தடுத்தார். இன்னொரு கோப்பை இதுவரை இல்லை.

பழைய கோல்கீப்பர் எழுதியது:

நாலு பெனால்டி! அந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் உதைப்பவன் கால் பந்தைத் தொடும் வரை பாதம் தரையை விட்டு எழாமல் நின்றான். கோல்கீப்பர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று.

சில்வர்கிளென் அம்மா எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது! பையன் கட்டுரையை 1996-இல் ஆரம்பிக்கவில்லை, கார்ட்டூமில் ஆரம்பிக்கிறான். தாத்தாவின் பெட்டியில் ஏசஸ் யுனைடெட் ஆட்ட டிக்கெட் ஒன்று இருந்தது, அதைப் படம் பிடித்து ஒட்டுகிறான். கடைசியாக ஒரு கேள்வி: மண்டேலா டோவியிடம் கொடுத்த அதே கோப்பையைத்தான் இப்போதும் ஆட்டக்காரர்கள் தூக்குகிறார்களா? படம் வரைய வேண்டுமாம்.

மெரிபேங்க் டீச்சர் எழுதியது:

இல்லை. இதுவரை மூன்று கோப்பைகள். முதலாவது, காஃபின் முதல் தலைவரான எகிப்தியர் அப்துல் அஜீஸ் சலேம் பெயரிலானது. மூன்று முறை வெல்லும் நாடு வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. 1978-இல் கானா வென்று எடுத்துப்போனது. இரண்டாவது, ஆப்பிரிக்க ஒற்றுமைக் கோப்பை. 1996-இல் டோவி தூக்கியது அதைத்தான். 2000-இல் கேமரூன் மூன்றாவது முறை வென்று அதையும் எடுத்துக்கொண்டது. இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிற தங்கநிறக் கோப்பை அதற்குப் பிறகு செய்தது. ஆகவே பையன் 1996 புகைப்படத்தைப் பார்த்து வரையட்டும், புதியதைப் பார்த்து வரைய வேண்டாம்.